தொழில் வித்தகர் ஜி. டி. நாயுடு

சங்ககிரி மலைக்கோட்டையின் மேலேறி நின்று கீழே நோக்குவார்க்கு இருவேறு காட்சிகள் புலனாகும். ஒன்று, பண்டை நாளில் எழுப்பப்பெற்று இன்றும் நிற்கும் மதில்களும் வாயில்களும்; மற்றொன்று, சேலத்தினின்று கோவை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் எறும்புச் சாரைபோல் இடையறாது ஊரும் ஊர்திகள். முன்னது சென்ற காலத்தின் சான்று. பின்னது நிகழ் காலத்தின் சான்று. மழைவளம் சுருங்கிய இவ்வட்டாரத்தில் இன்று குடும்பங்கள் பலவற்றை வாழ்விப்பது லாரித் தொழிலேயாகும். சங்ககிரியினின்று புறப்படும் லாரிகள் நாட்டின் எல்லாத் திசைகட்கும் செல்கின்றன. நாமக்கல்லில் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகள் மிகுந்துள்ளன. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் பல மாநிலங்களில் ஆழ்துளைக் கிணறுகள் தோண்டுகின்றன.

ஏரும் எருதுமே அறிந்திருந்த உழவர்குடி மக்கள் இங்ஙனம் எந்திரத்தோடு உறவு பூண்டது எவ்வாறு? எந்திரம் என்பது மேனாட்டார்க்கே உரியது, அதன் உள்ளியல்பு நமக்கு விளங்காது என்று மக்கள் அஞ்சியிருந்த காலம் ஒன்று உண்டு. அவ்வச்சத்தை நீக்கிக் கொங்குநாட்டில் எந்திரத் தொழிலுக்கு வழிகாட்டினோர் சிலர். அவருள் முன்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் ஜி. டி. நாயுடு என்று அனைவராலும் அறியப்பெற்ற கோபால்சாமி துரைசாமி நாயுடு ஆவர். அவருடைய வாழ்க்கை வரலாற்றை இப்பாடத்தில் காண்போம்.

பிறப்பும் இளமையும்

கோவைக்கு அணித்தாகக் கலங்கல் என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூரில் உழவுத்தொழில் புரிந்து வாழ்ந்த குடும்பத்தில் 1893ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23ஆம் நாள் துரைசாமி பிறந்தார்.

பிற்காலத்தில் பேரறிஞரும் கண்டு வியக்கும் அறிவு படைத்த இவர், இளமையில் பள்ளியை வெறுத்தார் என்றால் நமக்கு வியப்புத் தோன்றும். பொருள் உணராமல் ஒப்பிக்கும் கல்வி அவர்க்குக் கசந்தது. வகுப்பில் அடங்கியிரார், ஆசிரியர்மீது மணலை வாரி வீசியதும் உண்டு என்பர். அச்செயல் போற்றத்தக்கதன்று, எவரும் பின்பற்றத்தக்கதும் அன்று. தொடக்கப்பள்ளி அளவிலேயே அவர்தம் படிப்பு முடிந்தது. ஆயினும் பள்ளியை விட்டவர் கல்வியை விட்டாரல்லர். தாமே நூல்களைத் தேடிப் படித்தார். ஐயம் எழுந்தவிடத்துப் பிறரைக் கேட்டறிந்தார். பிற்காலத்தில் தமக்கெனப் பெரியதொரு நூல்நிலையமே அமைத்துக்கொண்டார். பள்ளிக் கல்வி இன்றியும் உயரலாம் என்பது அவர் வாழ்வு காட்டும் பாடமன்று; எந்நிலையிலும் கற்றலை நிறுத்துதல் ஆகாது என்பதே அதன் பாடமாகும்.

கழற்றிக் கற்ற கல்வி

துரைசாமியின் வாழ்வைத் திருப்பிய நிகழ்ச்சி ஒன்று அவருடைய இளமையில் நேர்ந்தது. ஆங்கில அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் ஏறி அச்சிற்றூர் வழியே வந்தார். மாடும் குதிரையும் பூட்டாமல் ஒரு வண்டி தானே ஓடுதலை ஊரார் கண்டனர், வியந்தனர், பின்னர் மறந்தனர். துரைசாமியோ மறந்தாரல்லர். அது எவ்வாறு ஓடுகின்றது என்னும் வினா அவர் உள்ளத்தை விட்டு அகலவில்லை. அத்தகைய வண்டி ஒன்றைத் தாமும் பெற்றாலன்றி அவ்வினாவுக்கு விடை கிடையாது என்று துணிந்தார்.

பொருளில்லாத இளைஞர் மோட்டார் சைக்கிள் வாங்குவது எங்ஙனம்? அவர் கோவைக்குச் சென்று உணவு விடுதி ஒன்றில் பரிமாறும் பணியாளராய் அமர்ந்தார். இலை போட்டும் நீர் வைத்தும் பெற்ற சிறு கூலியைச் செலவிடாமல் சேர்த்தார். ஆண்டுகள் சில கழிந்தன. சில நூறு ரூபாய் சேர்ந்ததும் அம்மோட்டார் சைக்கிளையே விலைக்கு வாங்கினார்.

வாங்கியவர் அதில் ஏறி ஊர் சுற்றி மகிழ்ந்ததோடு அமைந்தாரல்லர். அதனைத் திருகு திருகாகக் கழற்றினார். எந்த உறுப்பு எதனோடு பொருந்துகின்றது, எது அசைந்தால் எது அசைகின்றது என்று நோக்கினார். மீண்டும் பூட்டினார், மீண்டும் கழற்றினார். பெட்ரோல் எந்திரத்தின் இயல்பு நான்கு செயல்களில் அடங்கும். பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவையை உருளை தன்னுள் இழுத்தல் முதலாவது. உருளையினுள் இயங்கும் தண்டு அக்கலவையை நெருக்குதல் இரண்டாவது. தீப்பொறி பட்டு அது வெடித்துத் தண்டைத் தள்ளுதல் மூன்றாவது. எரிந்த புகையை வெளியே போக்குதல் நான்காவது. இந்நான்கும் மாறிமாறி விரைந்து நிகழ்வதனால் சக்கரம் சுழல்கின்றது. இன்று நூலைத் திறந்தால் நான்கு வரிகளில் கிடைக்கும் இவ்வறிவைத் துரைசாமி தம் கையாலும் கண்ணாலும் தேடிப் பெற்றார். கழற்றிக் கற்ற அக்கல்வியே அவர்க்குப் பல்கலைக்கழகமாயிற்று.

வீழ்ச்சியும் எழுச்சியும்

முதல் உலகப்போர் நிகழ்ந்த காலத்தில் துரைசாமி பருத்தித் தொழிலில் ஈடுபட்டார். திருப்பூரில் பருத்தி அரைக்கும் ஆலை நடத்திப் பெரும்பொருள் ஈட்டினார். பொருள் பெருகவே மேலும் பெருக்கும் வேட்கை எழுந்தது. பம்பாய்க்குச் சென்று அங்குப் பருத்தி வாணிகத்தில் இறங்கினார். விலை ஏறும், இறங்கும் என்று எதிர்பார்த்து நடத்தும் அவ்வாணிகத்தில் ஈட்டிய பொருளையெல்லாம் இழந்தார். கையில் ஒன்றும் இன்றி ஊர் திரும்பினார்.

இத்தகைய இழப்பு நேர்ந்தவிடத்து விதியை நொந்து ஒடுங்கிவிடுவோர் பலர். வள்ளுவர் இடுக்கண் அழியாமை என்று ஓர் அதிகாரமே வகுத்தது இத்தகைய வேளையில் மக்கள் துணைக்கொள்வதற்கன்றோ? துரைசாமி சோர்ந்தாரல்லர். தமக்கு உண்மையாகத் தெரிந்த தொழில் யாது என்று எண்ணினார். பருத்தியின் நாளைய விலை எவருக்கும் தெரியாது. மோட்டார் எந்திரத்தின் இயல்போ அவர்க்கு நன்கு தெரியும். எனவே அறியாத துறையை விட்டு அறிந்த துறைக்குத் திரும்பினார்.

அந்நாளில் கோவையில் தொழில் நடத்திவந்த ஆங்கிலேயர்களுள் இராபர்ட் ஸ்டேன்ஸ் என்பவர் ஒருவர். துரைசாமியின் ஊக்கத்தையும் நேர்மையையும் கண்ட அவர், பேருந்து ஒன்று வாங்கி ஓட்டுமாறு சொல்லி, 4,000 ரூபாய் கடனாக உதவினார். வேலை கேட்டுச் சென்றவர்க்கு வேலை தருதல் எளிது. தாமே தொழில் தொடங்க வழி காட்டுதல் அரிது. ஸ்டேன்ஸ் செய்தது அவ்வரிய உதவியாகும். 1920ஆம் ஆண்டில் துரைசாமி ஒரு பேருந்தை வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே அதனை ஓட்டினார்.

காலம் தவறாப் பேருந்துகள்

அக்காலத்துப் பேருந்து எந்நேரம் புறப்படும் என்று எவராலும் சொல்ல இயலாது. ஆள் நிரம்பினால் புறப்படும், இல்லையேல் நிற்கும். வழியில் பழுதுற்றால் பயணிகள் மரநிழலில் காத்திருக்க வேண்டியதுதான். திருமணத்துக்குப் புறப்பட்டவர் பந்தியும் முடிந்தபின் சென்று சேர்தல் உண்டு. இந்நிலையில், பேருந்து என்பது முதலாளியின் உடைமை மட்டும் அன்று, பயணியின் காலத்துக்கும் அது கடன்பட்டது என்று எண்ணியவர் துரைசாமி நாயுடு.

அவர் தம் வண்டிகள் புறப்படும் நேரமும் சென்றடையும் நேரமும் வரையறுத்தார். ஏறியவர் ஒருவரே ஆயினும் குறித்த நேரத்தில் வண்டி புறப்படல் வேண்டும் என்பது அவர்தம் கொள்கை. பழுதுற்ற பின்னர் வண்டியைச் செப்பனிடுவதினும் பழுது நேராமல் காப்பதே முறை என்று கருதிப் பட்டறையைச் செம்மையாக நடத்தினார். பணியாளரிடம் ஒழுங்கை எதிர்பார்த்தார். அவ்வொழுங்கைத் தாமும் மேற்கொண்டார்.

நேர்மையும் நேரமும் ஒருங்கு சேர்ந்த தொழில் வளராமல் இருக்குமா? ஒரு வண்டி பலவாயிற்று. யுனைடெட் மோட்டார் சர்வீஸ் என்றும் யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்றும் மக்கள் வழங்கிய யூ. எம். எஸ். நிறுவனம் கொங்குநாட்டுச் சாலைகளில் புகழ்பெற்றது. 1933ஆம் ஆண்டளவில் அந்நிறுவனத்துக்கு 280 பேருந்துகள் இருந்தன. ஒற்றை வண்டியை ஓட்டிய கை பதின்மூன்று ஆண்டுகளுக்குள் இத்துணை வண்டிகளை இயக்கியது என்றால், அவ்வுழைப்பின் பெருமையை என்னென்பது!

பட்டறையில் பிறந்த பொருள்கள்

பேருந்துத் தொழிலில் பெற்ற பொருளைக் கொண்டு நாயுடு உலகநாடுகள் பலவற்றுக்குச் சென்றார். ஏனையோர் மாளிகைகளையும் பூங்காக்களையும் காணச் செல்வர். அவரோ தொழிற்சாலைகளைக் காணச் சென்றார். கையில் எப்போதும் ஒரு படப்பெட்டி இருக்கும். 1936ஆம் ஆண்டில் இலண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலம் நிகழ்ந்தபோது அதனைத் தம் படப்பெட்டியில் பதிவு செய்தார். ஜெர்மனி நாட்டுத் தொழில் நுட்பம் அவர் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தது. சிறு மின்கலத்தால் இயங்கும் மயிர் மழிக்கும் கருவி ஒன்றை அவர் வகுத்தார். உள்ளே ஒரு சிறிய மோட்டார் சுழல, வெளியே மெல்லிய அலகு முகத்தை மழிக்கும். ராசண்ட் என்னும் பெயர் பூண்ட அக்கருவி ஜெர்மனியில் செய்யப்பெற்றது. மேனாட்டுப் பொருள் நம் நாட்டுக்கு வருதலே வழக்கமாயிருந்த காலத்தில், நம் நாட்டான் ஒருவனது எண்ணம் மேனாட்டில் பொருளாக உருப்பெற்றது சிறிய செய்தியன்று.

மிக மெல்லிய சவர அலகு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயால் சுழலும் விசிறி, படப்பெட்டியில் தொலைவைச் சரிசெய்யும் கருவி, ஏமாற்ற இயலாதவாறு வாக்கைப் பதிவு செய்யும் பொறி எனப் பல பொருள்கள் அவர் கருத்தில் தோன்றின. இவற்றை நோக்கினால் ஓர் உண்மை விளங்கும். மின்சாரம் எட்டாத வீட்டிலும் காற்று வரவேண்டும் என்று எண்ணியவர்க்கே மண்ணெண்ணெய் விசிறி தோன்றும். ஐந்து வால்வு கொண்ட வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்குச் செய்து தர இயலும் என்று 1941ஆம் ஆண்டில் அவர் அறிவித்தார். செல்வர் வீட்டுக் கூடத்தில் மட்டும் ஒலித்த வானொலி எளியவர் வீட்டுத் திண்ணையிலும் ஒலித்தல் வேண்டும் என்பது அவர் வேட்கை. புதுமை காண்பது ஒரு திறம். அப்புதுமையை எளியோர்க்கும் எட்டும் விலையில் தருவது அதனினும் மேலான திறம். இவ்விரண்டாவது திறமே நாயுடுவின் வாழ்நாள் முயற்சியாக அமைந்தது.

அவர்தம் முயற்சிகளுள் கொங்குநாட்டுக்கு மிகப் பயன்பட்டது மின்மோட்டார் ஆகும். 1932ஆம் ஆண்டில் நீலமலையின் பைகாரா நீர்வீழ்ச்சியினின்று மின்சாரம் பிறந்தது. அது கோவை நாட்டின் ஆலைகளுக்கும் ஊர்களுக்கும் பாய்ந்தது. மின்சாரம் வந்தது; அதனைச் சுழற்சியாக மாற்றும் மோட்டாரோ கடல் கடந்தே வரவேண்டியிருந்தது. விலையும் மிகுதி; பழுதுற்றால் உறுப்புக் கிடைப்பதும் அரிது. இக்குறையைக் களைய எண்ணிய நாயுடு, தொழில் நுட்பத்தில் வல்லவரான தி. பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து உழைத்தார். 1937ஆம் ஆண்டில் நம் நாட்டிலேயே செய்யப்பெற்ற முதல் மின்மோட்டார் கோவையில் உருவாயிற்று.

இதன் பயன் யாது என்று உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டுவதில்லை. கொங்குநாட்டுக் கிணறுகள் ஆழமானவை. பாறையைப் பிளந்து தோண்டியவை. கவலை பூட்டி, எருதுகளை முன்னும் பின்னுமாக நடத்திப் பறையால் நீர் முகந்து ஊற்றிய காலத்தில், விடியற்காலை தொடங்கி உச்சிவேளை வரை இறைத்தாலும் சிறிது நிலமே நனையும். எருதும் களைக்கும்; ஆளும் களைப்பான். மின்மோட்டார் வந்தபின் அவ்வுழைப்புக் குறைந்தது. நனையும் நிலம் பெருகியது. பின்னர்க் கோவை நகரம் மோட்டாரும் பம்பும் செய்வதில் நாடறிந்த ஊராயிற்று. அவ்வளர்ச்சிக்கு இட்ட வித்து 1937ஆம் ஆண்டு முளைத்த அம்முதல் மோட்டாரே எனலாம்.

இரண்டாயிரம் ரூபாய்க் கார்

இனி, நாயுடுவின் முயற்சிகளுள் கைகூடாமற் போன ஒன்றைக் கூறுதல் வேண்டும். பெரியோர் வரலாற்றில் வெற்றியை மட்டும் எண்ணுதல் அரைகுறைக் கல்வியாகும்.

அவர் காலத்தில் இத்தாலி நாட்டில் இருவர் கார் செய்து உலகப்புகழ் பெற்றனர். ஒருவர், 1898ஆம் ஆண்டில் மோதனா நகரில் பிறந்த என்சோ பெராரி. மற்றொருவர், 1916ஆம் ஆண்டில் உழவர்குடியில் பிறந்த பெருச்சியோ லம்போர்கினி. பெராரி முதலில் பந்தய வண்டி ஓட்டினார். பின்னர் 1947ஆம் ஆண்டில் தம் பெயர் தாங்கிய முதற் காரைச் செய்தார். லம்போர்கினியின் வரலாறு நம் நாயுடுவின் வரலாற்றோடு ஒருபுடை ஒத்தது. அவரும் உழவுநிலத்தை விட்டு எந்திரத்தை நாடியவர். இரண்டாம் உலகப்போரில் எந்திரங்களைச் செப்பனிடும் பணி புரிந்தவர். போர் முடிந்தபின் படைவண்டிகளில் எஞ்சிய உறுப்புகளைக் கொண்டு உழவர்க்கு டிராக்டர்கள் செய்து பொருளீட்டினார். 1963ஆம் ஆண்டில் விரைவுக்கார் செய்யும் நிறுவனத்தைத் தொடங்கினார். பெராரியின் காருக்குத் துள்ளும் குதிரை சின்னம். லம்போர்கினியின் காருக்குப் பாயும் காளை சின்னம். காங்கேயம் காளையைப் போற்றும் நாம் அச்சின்னத்தின் பொருளை எளிதில் உணர்வோம். 1970ஆம் ஆண்டை அடுத்த சில ஆண்டுகளில் அந்நிறுவனம் அதனைத் தொடங்கியவர் கையினின்று நீங்கியது. 1998ஆம் ஆண்டு முதல் ஜெர்மானிய நிறுவனத்தின் உடைமையாயிற்று. எனினும் காளைச் சின்னம் இன்றும் மாறவில்லை.

அவ்விருவர் செய்த கார்கள் வேகத்தாலும் வடிவழகாலும் ஈடற்றவை. ஆயினும் அவற்றை வாங்குவோர் பெருஞ்செல்வரே. எந்திரத்தின் ஆற்றல் எத்துணை உயரம் செல்லும் என்று அவர்கள் காட்டினர். நாயுடுவின் நோக்கமோ வேறு. எந்திரத்தின் பயன் எத்துணைப் பேரைச் சென்றடையும் என்று அவர் எண்ணினார்.

1952ஆம் ஆண்டில் பெட்ரோலால் ஓடும் சிறு கார் ஒன்றை நாயுடு உருவாக்கினார். இருவர் அமர்ந்து செல்லத்தக்க அக்காரின் விலை 2,000 ரூபாய் என்று வரையறுத்தார். அந்நாளில் கார் என்பது ஜமீன்தார், ஆலை முதலாளி, பெரிய வழக்கறிஞர் ஆகியோர் வாயிலில் மட்டும் நிற்கும் பொருள். ஆசிரியரும் எழுத்தரும் சிறுவணிகரும் காரில் செல்லலாம் என்று எவரும் கனவு கண்டதில்லை. அக்கனவைக் கண்டதோடு, வண்டியாகவும் செய்து காட்டினார் நாயுடு.

ஆனால் பொருளைச் செய்யும் திறன் மட்டும் இருந்தால் அது கடைத்தெருவுக்கு வந்துவிடாது. விடுதலை பெற்ற இந்தியாவில் 1951ஆம் ஆண்டில் தொழில்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் இயற்றப்பெற்றது. குறிப்பிட்ட தொழில்களைத் தொடங்க விழைவோர் அரசின் உரிமம் பெறல் வேண்டும் என்பது அச்சட்டத்தின் விதி. நாயுடுவின் காருக்கு அவ்வுரிமம் கிடைக்கவில்லை. அதனால் அக்கார் பலவாகப் பெருகி மக்களிடம் செல்லும் வாய்ப்பை இழந்தது.

இதில் குற்றம் யாருடையது என்று ஒருதலையாகத் தீர்ப்புக் கூறுதல் எளிதன்று. புதிதாய் விடுதலை பெற்ற நாட்டில் உருக்கும் பிற மூலப்பொருளும் குறைவு. அணையும் சாலையும் பள்ளியும் மருத்துவமனையும் முதற்கண் வேண்டப்பட்டன. இருக்கும் பொருளைப் பங்கிட்டு வழங்குவது அரசின் கடமை. இஃது ஒருபுறம். செய்யவல்ல கை ஒன்று நம்மிடையே இருந்தும் அதற்கு இடங்கொடாமையால் நாடு இழந்தது எவ்வளவு என்பது மற்றொருபுறம். எளிய குடும்பத்துக்கு ஏற்ற சிறுகார் என்று கூறத்தக்க மாருதி 800 சாலைக்கு வந்தது 1983ஆம் ஆண்டு இறுதியில். ஒரு லட்சம் ரூபாய்க் கார் என்று நாடு முழுதும் பேசப்பெற்ற நானோ 2008ஆம் ஆண்டில் அறிமுகமாயிற்று. அதன் உற்பத்தியும் 2018ஆம் ஆண்டில் நின்றது. கலங்கல் ஊரினர் ஒருவர் 1952ஆம் ஆண்டில் எண்ணிய எண்ணத்தின் பின்னே காலம் முப்பது ஆண்டு நடந்துவந்தது எனலாம். ஒரு நாட்டின் செல்வம் நிலத்தடியில் உள்ள கனியங்கள் மட்டும் அல்ல. மக்கள் மூளையில் தோன்றும் எண்ணங்களும் ஆகும். கனியம் தோண்டப்படாவிடினும் மண்ணுள் அப்படியே கிடக்கும். எண்ணமோ உரியகாலத்தில் எடுத்தாளப்படாவிடின், எண்ணியவரோடு மறையும்.

கல்வியும் உழவும்

தாம் பள்ளியில் கல்லாதவராயினும் பிறர் தொழிற்கல்வி பெறுதற்குப் பெரிதும் உழைத்தவர் நாயுடு. 1944ஆம் ஆண்டில் மோட்டார்த் தொழிலின் நேர்ப்பொறுப்பினின்று விலகி, அறப்பணிகளில் கருத்தைச் செலுத்தினார். ஆராய்ச்சி மாணவர்க்கு உதவித்தொகையும் தொழிலாளர்க்கு நலத்திட்டங்களும் அறிவித்தார். 1945ஆம் ஆண்டில் அவர்தம் முயற்சியாலும் நன்கொடையாலும் கோவையில் தொழிற்பயிற்சிப் பள்ளியும் பொறியியல் கல்லூரியும் தோன்றின. அந்நாளில் சென்னை மாகாண ஆளுநராயிருந்த ஆர்தர் ஹோப் என்பவர் பெயர் அவற்றுக்குச் சூட்டப்பெற்றது. அக்கல்லூரியே இன்று அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி என்னும் பெயரோடு சிறப்புற விளங்குகின்றது.

பொறியியல் கல்வி ஏட்டில் மிகுதியாகவும் பட்டறையில் குறைவாகவும் நடப்பதை அவர் விரும்பவில்லை. நான்கு ஆண்டுகள் படிக்கும் பாடத்தை, கைத்தொழிற் பயிற்சியோடு கற்பித்தால் இரண்டு ஆண்டுகளில் முடிக்கலாம் என்பது அவர் கருத்து. அரசு அதனை ஏற்கவில்லை. தம் கருத்துக்கு இசையாத முறையில் பொறுப்பேற்றிருக்க மனமின்றி அவர் விலகினார். அவர் கூறிய ஆண்டுக்கணக்கை ஏற்பவரும் உளர், மறுப்பவரும் உளர். கையால் செய்து கற்ற கல்வியே நிலைக்கும் என்னும் அடிப்படையை மறுப்பவர் இலர்.

உழவர்குடியிற் பிறந்த அவர் நிலத்தை மறந்தாரல்லர். பருத்தி, சோளம், பப்பாளி முதலியவற்றில் புதுவகைகள் காண முயன்று, வயலையே ஆய்வுக்கூடமாக்கினார். அவருடைய பண்ணையைக் காண அறிவியல் மேதை சர் சி. வி. இராமனும் பொறியியல் வல்லுநர் விசுவேசுவரய்யாவும் வந்தனர். நோபல் பரிசு பெற்ற அறிஞர் ஒருவர், தொடக்கப்பள்ளியோடு நின்றவர் பண்ணையைக் காண வந்தார் என்பதை எண்ணிப் பாருங்கள். அறிவு எங்கிருப்பினும் அறிவுடையார் அதனை நாடிச் செல்வர்.

காலத்தின் அருமையை அவர் இறுதிவரை மறந்திலர். 1967ஆம் ஆண்டில் ஒருநாள் காலை கடைக்கால் தோண்டத் தொடங்கி மாலைக்குள் ஒரு வீட்டைக் கட்டி முடித்துக் காட்டினார். வேண்டும் பொருள்களை முன்னரே உரிய இடத்தில் வைத்து, எவர் எப்பொழுது எதனைச் செய்தல் வேண்டும் என்று வகுத்தமையே அவ்விரைவின் மறைபொருள். பேருந்துகளுக்கு நேரம் வகுத்த அதே கருத்து, வீடு கட்டுவதிலும் வெளிப்பட்டது.

மறைவும் நினைவும்

எண்பது ஆண்டு நிறைவுற வாழ்ந்த ஜி. டி. நாயுடு 1974ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4ஆம் நாள் மறைந்தார். அவர் பெயர் தாங்கிய அறநிலையம் கோவை அவிநாசிச் சாலையில் அவர் சேர்த்த பொருள்களையும் கருவிகளையும் காட்சிக்கு வைத்துள்ளது. பழங்கார்கள் பலவற்றைக் கொண்ட அருங்காட்சியகம் ஒன்றும் 2015ஆம் ஆண்டு முதல் அங்கு நடைபெறுகின்றது. ஊர்திகளின் உட்பகுதிகளை மாணவர் கண்ணாரக் காணுதற்கு அது நல்வாய்ப்பாகும். 2025ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் அவிநாசிச் சாலையில் திறக்கப்பெற்ற பத்துக் கிலோமீட்டர் நீள மேம்பாலத்துக்குத் தமிழ்நாட்டு அரசு அவர் பெயரையே சூட்டியது. ஒற்றைப் பேருந்தைத் தாமே ஓட்டித் தொழில் தொடங்கியவர் பெயரை, இன்று ஆயிரக்கணக்கான ஊர்திகள் செல்லும் பாலம் தாங்கி நிற்கின்றது.

மாணவர்களே! உங்கள் தந்தையரும் தமையன்மாரும் லாரி ஓட்டுகின்றனர். பட்டறையில் இரும்பை இணைக்கின்றனர். மோட்டாருக்குக் கம்பி சுற்றுகின்றனர். கையில் எண்ணெய்க் கறை படியும் அத்தொழில்களை இழிவாக எண்ணுவோர் இன்றும் சிலர் உளர். அக்கறை படிந்த கையே தமிழ்நாட்டின் முதல் மோட்டாரைச் செய்தது என்பதை அவர்கள் அறியார். பழுதுற்ற ஒரு கடிகாரமோ, ஓடாத ஒரு விசிறியோ வீட்டில் கிடந்தால், மின்னிணைப்பை நீக்கிப் பெரியோர் துணையுடன் அதனைத் திறந்து பாருங்கள். எது எதனை இயக்குகின்றது என்று வினவுங்கள். விடை கிடைக்கும்வரை வினாவை விடாதீர்கள். கண்டறிந்ததைப் பிறர்க்கும் பயன்படுமாறு செய்யுங்கள். நாயுடு நமக்கு விட்டுச் சென்ற செல்வம் இதுவே.